துண்டுப் புரதமும் துணைப் புரதமும்

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆனதும், தாயார் அதைத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்கே குழந்தையின் தொடையில் ஓர் ஊசி போடப்படுகிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, பி வகைக் காமாலை, மூளைக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் காரணமான 'ஹிப்' என்ற கிருமி ஆகிய ஐந்தையும் தடுப்பது அந்த ஒரே ஊசி. நமது தேசத்தில் இந்த ஐந்து நோய்த் தடுப்பூசி முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பெற்றது. பிறகே ஏனைய மாநிலங்களுக்குப் பரவியது. குழந்தை சற்று அழுகிறது, தாயார் தேற்றுகிறார், காரியம் முடிந்துவிடுகிறது. அந்தச் சில துளி மருந்துக்குள் ஏறத்தாழ நூறாண்டுக் கால இரசாயன ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அந்த ஆராய்ச்சியின் வரலாற்றைச் சொல்ல முற்படுகிறேன்.

தடுப்பூசி என்றால் ஜென்னரையும் பாஸ்டரையும் நாம் நினைவு கூர்கிறோம். 1796-இல் ஜென்னர் பசுவின் அம்மைப்பாலைக் குத்தினார். 1885-இல் பாஸ்டர் வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டார். கிருமியை முழுதாக, ஆனால் வலுக் குறைத்தோ கொன்றோ உடலுக்குள் செலுத்துவது அவர்கள் கையாண்ட வழி. அந்த வழி எளியது, பயனும் பெரிது. ஆயினும் அதில் ஓர் அச்சம் எப்போதும் உண்டு. வலுக் குறைந்த கிருமி மீண்டும் வலுப்பெற்றுவிட்டால் என்ன செய்வது? கொன்றதாக எண்ணிய கிருமி சாகாமல் இருந்துவிட்டால்? ஆகவே, கிருமியே இல்லாமல், அதன் உடலில் நமக்கு வேண்டிய ஒரு சிறு பகுதியை மட்டும் சோதனைச் சாலையில் செய்து கொடுக்க இயலுமா என்ற ஆசை விஞ்ஞானிகளுக்கு எழுந்தது. கிருமியின் மேனியில் உள்ள புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட ஒரு நீண்ட மாலை. அம்மாலையில் பத்து இருபது மணிகள் கொண்ட ஒரு துண்டை மட்டும் எடுத்தால் அதற்குப் பெப்டைடு என்று பெயர்.

ஆசை பெரிது, தடையும் பெரிது. அத்தகைய சிறு துண்டை உடலுக்குள் செலுத்தினால் உடல் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. பெரிய வீட்டின் வாயிற்காவலன் கூட்டமாக வருபவரைத் தடுத்து நிறுத்துவான். மூலையில் ஊர்ந்து செல்லும் எறும்பை அவன் ஏறிட்டும் பாரான். இந்த அலட்சியத்தை எவ்வாறு போக்குவது என்பதே நம் வரலாற்றின் கேள்வி.

விடையின் முதற் பாதியைக் கண்டவர் வியன்னா நகரத்து மருத்துவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901-இல் காட்டி, அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். அவரது மற்றோர் அரும்பணியை அறிந்தவர் குறைவு. மிகச் சிறிய இரசாயனப் பொருள்களை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றைத் தனியே விலங்குகளுக்குச் செலுத்தினால் எந்த எதிர்ப்பும் உண்டாவதில்லை. அதே பொருளை ஓர் இரசாயனக் கண்ணியால் ஒரு பெரிய புரதத்தோடு பிணைத்துச் செலுத்தினார். அப்போது விலங்கின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்றியது. புரதத்துக்கு எதிராக மட்டுமன்றி, ஒட்டவைத்த அந்தச் சிறு பொருளுக்கு எதிராகவும் தோன்றியது என்பதுதான் வியப்பு. இத்தகைய சிறு பொருளுக்கு 'ஹாப்டன்' என்று 1921-இல் பெயரிட்டார். எதிர்ப்பொருள்களின் நுண்மை அவரையே வியக்கச் செய்தது. ஒரே அணுக்கள் கொண்டு, இடக்கையும் வலக்கையும் போல அமைப்பில் மட்டும் மாறுபட்ட இரண்டு டார்ட்டாரிக் அமிலங்களைக்கூட அவை பிரித்தறிந்தன.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் வறுமை சூழ்ந்தது. லாண்ட்ஸ்டைனர் ஹாலந்துக்குச் சென்றார். அங்கிருந்து நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். பிழைப்புக்காகவும் பணிக்காகவும் மொழியறியாத ஊருக்குக் குடிபெயர்வது என்ன என்பதை நம் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே 1932-இல் வான் டெர் ஷீர் என்பவரோடு சேர்ந்து, இரண்டு மூன்று அமினோ அமிலங்களே கொண்ட சிறு பெப்டைடுகளைப் புரதத்தில் பிணைத்து, அவற்றுக்கும் எதிர்ப்பொருள் உண்டாவதைக் காட்டினார். பெப்டைடுத் தடுப்பூசியின் வித்து அங்கே ஊன்றப்பட்டது எனலாம்.

அதே நிலையத்தில் ஆஸ்வால்டு ஏவரி, வால்ட்டர் கோபல் என்ற இருவர் நிமோனியாக் கிருமியை ஆராய்ந்து வந்தனர். அக்கிருமியின் மேற்போர்வை சர்க்கரைப் பொருளால் ஆனது. தூய்மைப்படுத்திய அப்போர்வையை முயலுக்குச் செலுத்தினால் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. லாண்ட்ஸ்டைனரின் முறையைப் பின்பற்றி அதைக் குதிரையின் இரத்தப் புரதத்தோடு பிணைத்துச் செலுத்தியபோது தோன்றியது. இது 1931-இல் நிகழ்ந்தது. அந்த அறிவு குழந்தைகளுக்குப் பயன்பட மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. ஹிப் கிருமியின் போர்வையும் சர்க்கரையே. அதைத் தனியே தடுப்பூசியாக 1985-இல் அமெரிக்காவில் வழங்கிப் பார்த்தார்கள். ஆனால் நோய் மிகுதியாகத் தாக்குகின்ற கைக்குழந்தைகளிடம் அது பலிக்கவில்லை. ராபின்ஸ், ஷ்னீர்சன் முதலியோர் 1980-இலேயே அதைப் புரதத்தோடு பிணைக்கும் வழியைக் காட்டியிருந்தனர். அத்தகைய பிணைப்புத் தடுப்பூசிக்கு 1987-இல் அனுமதி கிடைத்தது. தொடக்கத்தில் குறிப்பிட்ட ஐந்து நோய் ஊசியில் ஐந்தாவதாக அமைவது இதுவே.

இனி விடையின் மறு பாதிக்கு வருவோம். அது பிரான்ஸ் தேசத்தில், குதிரை லாயத்தில் கிடைத்தது. பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த காஸ்டன் ரமோன், தொண்டை அடைப்பானுக்கு மாற்று மருந்து தயாரிப்பதற்காகக் குதிரைகளுக்கு நஞ்சு செலுத்தி, அவற்றின் இரத்தத்தைச் சேகரிக்கும் பொறுப்பில் இருந்தார். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி உண்டான குதிரைகளின் இரத்தமே அதிக வீரியம் உடையதாக இருப்பதை அவர் கவனித்தார். அவ்வாறாயின் அந்த இடத்தில் வேண்டுமென்றே சிறிது அழற்சியை உண்டாக்கினால் என்ன என்று எண்ணி, 1925-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரொட்டித் தூளையும், அகர் அகரையும், மரவள்ளிக் கிழங்கு மாவையும், நுரைக்கும் தன்மையுடைய சபோனின் என்ற தாவரப் பொருளையும் நஞ்சோடு கலந்து பார்த்தார். வீரியம் பெருகியது. நம் வீடுகளில் ஜவ்வரிசியாகப் பாயசத்துக்கு உதவுகின்ற பொருள் நோய்த் தடுப்புக்கும் உதவியது வேடிக்கையான செய்திதான். மறு ஆண்டு, 1926-இல், இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி என்பவர் படிகாரத்தைச் சேர்த்துப் பார்த்தார். கலங்கிய நீரைத் தெளியவைக்கவும், சவரம் செய்த பின் முகத்தில் தடவவும் நாம் பயன்படுத்துகின்ற அதே படிகாரந்தான். நஞ்சு நீக்கிய மருந்துப் பொருள் படிகாரத்தில் படிந்து செலுத்தப்பட்டபோது மிகுந்த பயன் தந்தது. அன்று முதல் இன்று வரை அலுமினிய உப்புகள் தடுப்பூசிகளில் இடம்பெற்று வருகின்றன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பது தெரியாமலே எழுபது எண்பது ஆண்டுகள் அவற்றைப் பயன்படுத்தினார்கள். விஞ்ஞானத்தில் இப்படியும் நடப்பதுண்டு.

ஆக, இரண்டு வழிகள் தெளிவாயின. சிறு துண்டைப் பெரிய துணையோடு பிணைப்பது ஒன்று. உடலின் காவலைத் தட்டி எழுப்பும் பொருளை உடன் சேர்ப்பது மற்றொன்று. பிற்காலத்தில் செய்த முயற்சிகள் யாவும் இவ்விரண்டின் வளர்ச்சியே என்பது என் கருத்து.

துண்டைச் செய்வது எப்படி? 1950-களில் சிறு பெப்டைடு ஒன்றைச் செய்வதற்கே மாதக் கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மணியைக் கோத்த பின்னும் பொருளைத் தூய்மைப்படுத்தி எடுக்க வேண்டும். எடுக்கும்போதெல்லாம் ஒரு பகுதி வீணாகும். 1963-ஆம் ஆண்டு இத்துறையில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு நியூயார்க்கில் புரூஸ் மெரிபீல்டு என்பவர், மாலையின் முதல் மணியை ஒரு பிசின் குருணையில் கட்டிவைத்துவிட்டு, அடுத்தடுத்த மணிகளை வரிசையாகக் கோத்து, வேண்டாதவற்றைக் கழுவியே நீக்கும் முறையை வெளியிட்டார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. 1984-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அதே 1963-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஆண்டரர் என்பவர், புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸின் புரதத்தில் கடைசி ஆறு அமினோ அமிலங்களை மட்டும் எடுத்து, மாட்டின் இரத்தப் புரதமாகிய ஆல்புமினோடு பிணைத்துச் செலுத்தினார். அதனால் உண்டான எதிர்ப்பொருள் முழு வைரஸையே செயலிழக்கச் செய்தது. ஆறே மணிகள்! நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மணிகள் கொண்ட மாலையில் கடைசி ஆறு மணிகள்!

அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெப்டைடு மாலை எவ்வெவ்வாறு மடங்க இயலும், எவ்வெவ்வாறு மடங்க இயலாது என்பதை ஒரு வரைபடத்தில் அடக்கிக் காட்டியது அது. இன்று உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்குகிறது. அது தடுப்பூசிக்காகச் செய்த ஆராய்ச்சி அன்று; எனினும் நம் பொருளோடு அதற்கு மெய்யான உறவு உண்டு. எதிர்ப்பொருள் காண்பது மாலையின் மணி வரிசையை மட்டுமன்று. அது மடங்கி நிற்கும் வடிவத்தையும் காண்கிறது. முழுப் புரதத்தில் ஒரு வடிவில் கட்டுண்டு நிற்கும் பகுதி, தனித் துண்டாக வெட்டப்பட்டதும் தளர்ந்து, அறுந்த நூல்போல ஆயிரம் வடிவில் அசைகிறது. அதைக் கண்டு பழகிய உடல், உண்மையான கிருமி வரும்போது அதை அடையாளம் காணாமல் போகலாம்.

இதனை அழகுறக் காட்டியவர்கள் இஸ்ரேல் நாட்டின் ரெஹோவோத் நகரில் உள்ள வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த மைக்கேல் சேலாவும் ரூத் ஆர்னனும் ஆவர். கோழி முட்டை வெண்கருவில் லைசோசைம் என்றொரு புரதம் உண்டு. அதில் ஏறத்தாழ இருபது அமினோ அமிலங்கள் வளையமாக மடங்கி நிற்கும் பகுதியைச் செயற்கையாகச் செய்தார்கள். இரண்டு கந்தக அணுக்களை இணைத்து வளையத்தை மூடி, ஒரு செயற்கைத் துணைப்பொருளில் பிணைத்தார்கள். 1971-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அதனால் உண்டான எதிர்ப்பொருள் இயற்கையான லைசோசைமை இனங்கண்டு பற்றியது. அந்தக் கந்தகக் கண்ணியை அறுத்து வளையத்தைத் திறந்துவிட்டால் அந்த அடையாளம் அழிந்தது. மணிகள் அவையே, வரிசையும் அதுவே. வடிவம் ஒன்றே மாறிற்று.

அவர்கள் அதற்கு முன்பு 1960-இல் செய்த சோதனையும் குறிப்பிடத்தக்கது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டின் ஒரு புரதமே ஆயினும் உடலில் எதிர்ப்பை எழுப்புவதில் மிகவும் மந்தமானது. அதனோடு டைரோசின் என்ற ஒரே அமினோ அமிலத்தைச் சிறிதளவு ஒட்டவைத்தனர். மந்தம் நீங்கியது. சிறிய இரசாயன மாற்றம் ஒன்று உடலின் போக்கையே மாற்றிவிட்டது.

சேலா செய்த செயற்கைப் புரதங்களைக் கொண்டு மெக்டெவிட் என்பவர் எலிகளில் மற்றொரு சோதனை செய்தார். 1965-இல் வெளியான அதன் முடிவு எல்லோரையும் சிந்திக்க வைத்தது. ஓர் இனத்து எலிகள் அப்பொருளுக்கு மிகுந்த எதிர்ப்பொருள் உண்டாக்கின; மற்றோர் இனத்து எலிகள் மிகக் குறைவாகவே உண்டாக்கின. இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று தெரிந்தது. சிறு துண்டைக் கொண்டு தடுப்பூசி செய்பவருக்கு இதனினும் கவலை தரும் செய்தி வேறில்லை. முழுக் கிருமியில் பற்றிக்கொள்ளத்தக்க இடங்கள் பல. ஒருவர் உடல் ஒன்றைப் பற்றும், மற்றவர் உடல் மற்றொன்றைப் பற்றும். சிறு துண்டில் ஓரிடமே உண்டு. அதைப் பற்றும் ஆற்றல் பிறவியிலேயே இல்லாதவருக்கு அந்த ஊசி வெறும் ஊசிதான்.

பெரிய துணை ஏன் வேண்டியிருக்கிறது என்பதும் 1960-களின் பிற்பகுதியில் விளங்கிற்று. எதிர்ப்பொருளைச் செய்யும் 'பி' உயிரணு தானாக வேலை தொடங்குவதில்லை. 'டி' உயிரணு என்ற மற்றொன்று உதவி செய்ய வேண்டும். 'பி' உயிரணு சிறு துண்டைப் பற்றுகிறது. அதனோடு ஒட்டிவரும் பெரிய புரதத்தை உள்ளிழுத்து நறுக்கி, அதன் கூறுகளை 'டி' உயிரணுவுக்குக் காட்டி உதவி பெறுகிறது. துணைப் புரதம் தருவது இந்த உதவியைத்தான். லாண்ட்ஸ்டைனர் காரணம் அறியாமல் கண்ட உண்மைக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் காரணம் கிடைத்தது.

பிணைப்பதிலும் பக்குவம் வேண்டும். குளூட்டரால்டிஹைடு போன்ற பொருள் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் முடிச்சுப் போடும். நமக்கு வேண்டிய இடத்திலேயே முடிச்சு விழுந்தால் துண்டின் அடையாளம் மறைந்துபோகும். ஆகவே துண்டின் ஒரு முனையில் கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்து, அந்த முனையால் மட்டுமே துணைப் புரதத்தைப் பற்றுமாறு செய்யும் முறை வந்தது.

இந்த முறைகளெல்லாம் கைகூடிய காலத்தில், 1982-இல், இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் கோமாரி நோய்க்கு ஒரு பெப்டைடுத் தடுப்பூசி கண்டதாக அறிவித்தனர். கோமாரி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு, வாயில் நுரை ஒழுக, குளம்பில் புண்ணோடு, வைக்கோலைத் தொடாமல் நிற்கும் மாட்டின் நினைவு வரும். அந்த வைரஸின் புரதத்தில் 141 முதல் 160 வரையுள்ள இருபது அமினோ அமிலங்களைச் செய்து, கலிபோர்னியாக் கடலோரத்து நத்தை போன்ற ஒரு பிராணியின் நீல இரத்தப் புரதத்தோடு பிணைத்தார்கள். ஒரே ஊசியில் கினிப்பன்றிகள் காப்பாற்றப்பட்டன. பெரிய நம்பிக்கை பிறந்தது. உயிருள்ள வைரஸைக் கையாளாமலே மாடுகளைக் காக்கலாம். குளிர்பதனப் பெட்டியும் அவ்வளவாக வேண்டாம் என்று எண்ணினார்கள். ஆனால் கினிப்பன்றி வேறு, மாடு வேறு. தென்னமெரிக்காவில் மாடுகளிடையே நடந்த பெரிய சோதனையின் முடிவு 1997-இல் வெளியாயிற்று: சோதித்த பெப்டைடுகளுள் எதுவும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பாதுகாப்புத் தரவில்லை. அதைவிடக் கவலைக்குரிய செய்தி, அந்த ஒரு துண்டில் சிறு மாற்றம் செய்துகொண்டு தப்பிய புதிய வைரஸ்கள் அந்த மாடுகளிலேயே காணப்பட்டதாகும். பிற்காலத்தில் 'டி' உயிரணுவுக்கான துண்டையும் சேர்த்துச் செய்த பெப்டைடு, சீனாவில் பன்றிகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. மாடுகளுக்கோ, நம் நாட்டில் இன்றும் கொல்லப்பட்ட முழு வைரஸ் ஊசியே போடப்படுகிறது.

மலேரியாவின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அதில் மனிதரின் ஆசாபாசங்கள் அதிகம். கொலம்பியா நாட்டின் மானுவேல் பட்டரோயோ, மலேரியாக் கிருமியின் வெவ்வேறு புரதங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒரே மாலையாகக் கோத்து, இரு முனைகளிலும் சிஸ்டீனை வைத்து, அவை ஒன்றோடொன்று சங்கிலிபோலப் பிணையுமாறு செய்து, படிகார வகை உப்பில் படியவைத்தார். 'எஸ்.பி.எப். 66' என்பது அதன் பெயர். 1988-இல் மனிதரிடம் செய்த முதற் சோதனையை வெளியிட்டார். கொலம்பியாவில் நூற்றுக்கு முப்பத்தொன்பது அளவும், 1994-இல் டான்சானியாவில் முப்பத்தொன்று அளவும் பயன் தெரிந்தது. ஏழை நாடொன்றில் பிறந்த மருந்து என்பதால் அவரைப் போற்றியவர் பலர், ஐயுற்றவரும் பலர். மருந்தின் உரிமையை அவர் உலக சுகாதார நிறுவனத்துக்கே அளித்தார். அடுத்து 1995-இல் காம்பியாவிலும், 1996-இல் தாய்லாந்து எல்லையில் அகதி முகாம்களில் இருந்த குழந்தைகளிடமும் நடந்த சோதனைகளில் அது பயன்படவில்லை. அத்துடன் அம்முயற்சி நின்றது. அவரை ஏளனம் செய்தவர்களோடு நான் சேரேன். முழுவதும் இரசாயன முறையில் செய்த மருந்தைக் கொண்டு அவ்வளவு பெரிய சோதனைகளை எதிர்கொள்ளத் துணிந்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

இனி நம் தலைநகருக்கு வருவோம். தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருக்கும் தமிழர்களுக்கு மிக அருகில், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும், பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள தேசிய நோய்த் தடுப்பியல் நிலையத்திலும் நடந்த ஒரு முயற்சியை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் தலைவர் ஜி. பி. தல்வார். அவர் தடுக்க முற்பட்டது நோயை அன்று, கருத்தரிப்பை.

கரு உண்டானதும் அதிலிருந்து எச்.சி.ஜி. என்ற ஒரு சுரப்பு நீர் வெளிப்படுகிறது. அது இல்லையேல் கரு நிலைக்காது. அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கினால் குழந்தைப் பேற்றைத் தள்ளிப்போடலாம். எதிர்ப்பொருள் குறைந்ததும் மீண்டும் கருவுறலாம். ஆனால் அச்சுரப்பு மனித உடலுக்குச் சொந்தமானது. தன் பொருளைத் தன் உடல் எதிர்ப்பதில்லை. அதை எதிர்க்கும்படி செய்வது எப்படி? இங்கும் லாண்ட்ஸ்டைனரின் வழியே கைகொடுத்தது. தல்வாரும் அவருடைய குழுவினரும் அச்சுரப்பின் 'பீட்டா' பகுதியை, ரண ஜன்னியின் நச்சு நீக்கிய புரதத்தோடு பிணைத்து, 1976-இல் முடிவை வெளியிட்டனர். ரண ஜன்னிப் புரதத்தைத் தேர்ந்தெடுத்ததில் மற்றொரு நன்மையும் இருந்தது. பிரசவ காலத்தில் தாயையும் சேயையும் கொண்டுபோகும் அந்நோய்க்கும் அதே ஊசி காப்பு அளிக்கும்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் வெர்னன் ஸ்டீவன்ஸ் என்பவர் வேறொரு வழியில் சென்றார். 'பீட்டா' பகுதி, உடலில் உள்ள எல்.எச். என்ற மற்றொரு சுரப்பை மிகவும் ஒத்திருப்பது. ஒன்றை எதிர்ப்பது மற்றதையும் எதிர்க்கலாம் என்று அவர் அஞ்சினார். ஆகவே எச்.சி.ஜி.க்கு மட்டுமே உரிய வால் பகுதியில் 37 அமினோ அமிலங்களைச் செயற்கையாகச் செய்து, தொண்டை அடைப்பான் புரதத்தில் பிணைத்தார். அதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் ஆஸ்திரேலியாவில், ஏற்கெனவே கருத்தடை அறுவை செய்துகொண்ட 30 பெண்களிடம் சோதித்து 1988-இல் வெளியிட்டனர். தனித்தன்மைக்காகச் சிறு துண்டை எடுப்பதா, வலிமைக்காகப் பெரும் பகுதியை எடுப்பதா என்பதே இரு சாராருக்கும் இடையிலிருந்த வழக்கு. இன்றளவும் பெப்டைடுத் தடுப்பூசி செய்வோர் ஒவ்வொருவரும் இந்த வழக்கைத் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியவராகவே இருக்கின்றனர்.

தில்லிக் குழுவினர் இரண்டு இடையூறுகளைச் சந்தித்தனர். பெண்களிடையே எதிர்ப்பொருளின் அளவு மிகவும் மாறுபட்டது. சிலருக்கு ஏராளம், சிலருக்கு மிகச் சொற்பம். சேலாவின் எலிகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? இதைச் சரிசெய்ய, மனிதனின் 'பீட்டா' பகுதியோடு ஆட்டின் எல்.எச். சுரப்பிலுள்ள 'ஆல்பா' பகுதியைச் சேர்த்துப் பிணைத்தார்கள், வீரியம் கூடிற்று. இரண்டாவது இடையூறு எதிர்பாராதது. அதே ரண ஜன்னிப் புரதத்தையே மீண்டும் மீண்டும் துணையாகச் செலுத்தினால், உடல் துணையின்மீதே கவனம் செலுத்தி, ஒட்டிவந்த சிறு பொருளை மறந்துவிடுகிறது! துணைக்கு வந்தவர் விருந்தை முடித்துவிட்டார் என்று சொல்வோமே, அப்படி. ஒரு முறை ரண ஜன்னிப் புரதம், மறு முறை தொண்டை அடைப்பான் புரதம் என்று துணையை மாற்றி மாற்றிச் செலுத்தியதும் அந்த இடையூறு விலகியது.

1994-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் 148 பெண்கள் கலந்துகொண்டனர். அவர்களுள் நூற்றுக்கு எண்பது பேருக்குப் போதிய அளவு எதிர்ப்பொருள் உண்டாயிற்று. எதிர்ப்பொருள் அந்த அளவுக்கு மேல் இருந்த 1,224 மாதவிடாய்ச் சுழற்சிகளில் ஒரே ஒரு கருவே உண்டானது. எதிர்ப்பொருள் குறைந்த பின் பெண்கள் மீண்டும் கருவுற்றனர். மனிதரில் இவ்வாறு கருத்தரிப்பைத் தடுக்கலாம் என்பது உலகில் அதுவே முதல் நிரூபணம். ஆனால் எண்பது என்பதன் மறு பக்கம் இருபது. ஐந்தில் ஒரு பெண்ணுக்குப் பயன்படாத கருத்தடையை எந்த மருத்துவர் நம்பிக் கொடுப்பார்? பயன்பட்டவர்க்கும் சில மாதங்களுக்கு ஒரு முறை ஊசி வேண்டியிருந்தது. ஊசி போட்ட பின் பலன் தொடங்கும் வரை வேறு பாதுகாப்பும் வேண்டியிருந்தது. மேலும், இத்தகைய ஊசியைப் பெண்களின் சம்மதமின்றியே அரசுகள் போடக்கூடும் என்று அஞ்சிய பெண்கள் அமைப்புகள் பல நாடுகளில் இவ்வகை ஆராய்ச்சியையே நிறுத்தக் கோரின. 1970-களின் கட்டாய அறுவைகளைக் கண்ட நம் நாட்டில் அந்த அச்சத்தை வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. தில்லிக் குழுவினர் பின்னர் இரசாயனப் பிணைப்பை விட்டு, மரபணு முறையில் துணைப் புரதத்தோடு ஒன்றாகவே விளைவிக்கும் வழிக்கு மாறினர்.

தட்டி எழுப்பும் பொருளைத் துண்டிலேயே ஒட்டிவிடும் முயற்சிகளும் இதற்கிடையே நடந்தன. பிராயிண்டு என்பவர் 1937-இல் கனிம எண்ணெயில் இறந்த காசநோய்க் கிருமிகளைக் கலந்து மிக வலிய துணை மருந்து செய்தார். அது மனிதருக்கு ஆகாத அளவு கடுமையானது. அக்கிருமியின் மேனியில் செயல்படும் மிகச் சிறு கூறு எது என்பதை 1974-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். அது ஒரு சர்க்கரையும் இரண்டு அமினோ அமிலங்களுமே. 1980-இல் சேலாவும் ஆர்னனும் பிரெஞ்சு நண்பர்களும் அதையும் வைரஸ் துண்டையும் ஒரே செயற்கைத் துணையில் பிணைத்து, எல்லாம் சோதனைச் சாலையிலேயே செய்த ஒரு மருந்தால் வைரஸை எதிர்க்கக் காட்டினர். 1988-இல் ஜேம்ஸ் டாம் என்பவர் லைசினைக் கிளைபிரியும் மரமாக்கி, ஒவ்வொரு கிளையிலும் துண்டைப் பொருத்தி, பெரிய துணையே வேண்டாதபடி செய்ய முயன்றார். 1989-இல் மீண்டும் டூபிங்கன் நகரில், பெப்டைடின் முனையில் மூன்று கொழுப்பு வால்களை ஒட்டிச் செலுத்தினர்; நோயுற்ற உயிரணுக்களைக் கொல்லும் 'டி' உயிரணுக்கள் எலிகளில் எழுந்தன. கொழுப்பு வால் ஏன் பயன்படுகிறது என்பது பத்தாண்டு கழிந்தே தெரிந்தது. பாக்டீரியாக்களின் மேனியில் அத்தகைய கொழுப்பு உண்டு. அதைக் கண்டதும் ஒலிக்கும் எச்சரிக்கை மணி நம் உயிரணுக்களிலேயே இருக்கிறது.

மலேரியாவுக்கு இறுதியில் வந்த ஊசிகள் இரண்டு. இரண்டிலும் கிருமியின் ஒரே புரதத்தில் நான்கு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் பகுதி, காமாலை வைரஸின் மேற்புரதத்தோடு மரபணு முறையில் ஒன்றாக்கப்பட்டு, உருண்டைகளாகத் திரள்கிறது. இரண்டிலும் தட்டி எழுப்பும் பொருளில் சபோனின் இருக்கிறது. ரமோன் குதிரைக்குக் கலந்த பொருளின் வகையே அது. முதலாவதை 2021-இலும், புணேயில் தயாராகின்ற 'ஆர் 21' என்ற மற்றொன்றை 2023-இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

கொரோனா வந்த காலத்தில் பழைய வழிகள் யாவும் மீண்டும் சோதனைக்கு வந்தன. ரஷ்யாவில் மூன்று செயற்கைப் பெப்டைடுகளைத் துணைப் புரதத்தில் பிணைத்துச் செய்த ஊசி 2020-இல் பதிவு பெற்றது. அது தரும் பாதுகாப்பைப் பற்றி விரைவிலேயே ஐயங்கள் எழுந்தன. கியூபாவில் வைரஸின் முள் புரதத்தில், உயிரணுவைப் பற்றும் பகுதி முழுவதையும் வடிவம் குலையாமல் எடுத்து, அதிலுள்ள ஒரு கந்தகத்தின் வழியாக ரண ஜன்னிப் புரதத்தில் பிணைத்தார்கள். 2021-இல் அங்கே இரண்டு வயதுக் குழந்தைகள் முதல் அது போடப்பட்டது. நம் நாட்டில் ஹைதராபாத்தில் தயாரான ஊசியிலும் அதே பற்றும் பகுதிதான்; அதற்குத் துணையாக நின்றவை இரண்டு. பாக்டீரியாவின் மரபுப்பொருளைப் போலச் செய்யப்பட்ட, எச்சரிக்கை மணியை அடிக்கும் ஓர் இரசாயனத் துண்டு ஒன்று. கிளென்னி 1926-இல் தொடங்கிவைத்த அலுமினிய உப்பு மற்றொன்று. 2022 மார்ச் முதல், பன்னிரண்டு வயது தொடங்கிப் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எல்லா மாநிலங்களிலும் அந்த ஊசி போடப்பெற்றது.